கடன் கட்ட முடியாமல் போனால்: வங்குறோத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் போனில் சொல்லுவார்: "வங்குறோத்துப் போடுங்கோ, கடனெல்லாம் அழிஞ்சிடும்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் இருக்கும் நாட்டில் அதற்கென்று தனிச் சட்டமும் அலுவலகமும் உரிமம் பெற்ற ஆலோசகர்களும் இருக்கிறார்கள். படிவம் நிரப்பினால் வேலை நகரும். இலங்கையில் தனி ஆளுக்கான வங்குறோத்துச் சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கடனிறுக்க வகையற்றோர் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், கடைக்காரர்களையும் வியாபாரிகளையும் மனதில் வைத்து எழுதியது. அது இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அதைக் கையில் எடுப்பவர்கள் மிகக் குறைவு. ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

அதற்கு முன் ஒன்று. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடன்பட்டவர்கள் காணியையும் வீட்டையும் இழப்பது பெரும்பாலும் காசு இல்லாததால் மட்டும் அல்ல. வாசிக்காமல் வைத்த ஒரு கையெழுத்தாலும், போகாமல் விட்ட ஒரு வழக்குத் தவணையாலும்தான் இழக்கிறார்கள். இந்த இரண்டையும் காசில்லாதவராலும் தடுக்க முடியும்.

முதலில் கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பியை எடுங்கள். வீட்டில் உள்ள கடன் தாள்கள் எல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள்: பாஸ்புத்தகம், கிழமைக் கடன் அட்டை, அடகுச் சீட்டு, லீசிங் ஒப்பந்தம், வங்கிக் கடிதம், நொத்தாரிசு உறுதியின் பிரதி. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் மேலே கடன் தந்தவர், எடுத்த திகதி, கையில் வாங்கிய தொகை. எழுதிய தொகையையும் கையில் வாங்கிய தொகையையும் தனித்தனியே குறிக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்காது. பிறகு வட்டி வீதம், இதுவரை கட்டியது, நிலுவை, கடைசியாகக் கட்டிய நாள், பிணை வைத்தவர்கள், ஈடாக வைத்த பொருள், கையெழுத்திட்ட தாள்களின் வகை. கடைசி இரண்டும்தான் முக்கியம்.

கைமாற்றையும் சீட்டுக் காசையும் மறைக்க வேண்டாம். கணவன் மனைவிக்குத் தெரியாமல் எடுத்ததும், மனைவி கணவனுக்குத் தெரியாமல் எடுத்ததும் இதே கொப்பியில் வர வேண்டும். பல வீடுகளில் கணக்கு சரியாக வராமல் போவதற்கு இந்த ஒளித்த கடனே காரணம். ஒரே நாளில் சண்டை போட்டு முடித்துவிடுவது, ஆறு மாதம் கழித்து லோன்காரர் வாசலில் வந்து சொல்வதை விட நல்லது.

வங்கிக் கடன், லீசிங், கடன் அட்டை ஆகியவற்றின் நிலுவையைச் சரிபார்க்கக் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுக்கலாம். ஊரில் "கிறிப்" என்பது இதைத்தான். வங்கிக் கிளை மூலமும் இணையம் மூலமும் உங்கள் அறிக்கையை நீங்களே கேட்கலாம். கிறிப் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. நிறுவனங்கள் அனுப்பும் பதிவை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி. எனவே "கிறிப்பில் இருந்து பெயரை எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். பதிவு பிழையாக இருந்தால், அதை அனுப்பிய வங்கியிடமே எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

வட்டியை நீங்களே கணக்குப் பாருங்கள்

கிழமைக் கடன் கொடுப்பவர் "வருசத்துக்கு 24 வீதம்தான்" என்பார். 50,000 ரூபா எடுத்தால் வட்டி 12,000, மொத்தம் 62,000, அதை 52 கிழமையால் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 26ஆம் கிழமையில் பாதி முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகும் முழு 50,000க்கும் வட்டி ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 44 வீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே கழித்துக்கொண்டால் இன்னும் கூடும். ஆகவே "நிலையான வீதமா, குறைந்து செல்லும் மீதிக்கான வீதமா" என்று கேட்காமல் எந்தக் கடனையும் இன்னொன்றுடன் ஒப்பிட முடியாது.

தனியாரிடம் "நூற்றுக்கு ஐந்து" என்றால் மாதத்துக்கு 5 வீதம், வருசத்துக்கு 60. ஒரு இலட்சத்துக்கு மாதம் 5,000. இருபது மாதம் வட்டி மட்டும் கட்டினால் ஒரு இலட்சம் போய்விடும், முதல் அசையாமல் அங்கேயே நிற்கும்.

எதை முதலில் கட்டுவது

சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டுவதுதான் நம் வழக்கம். அது பிழையான வரிசை. சாப்பாடு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு, மின்சாரம், தண்ணீர் ஆகியவை முன்னுக்கு. அடுத்தது உழைப்புக்கு ஆதாரமான பொருளின் கடன்: ஓடி உழைக்கும் முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், படகு இயந்திரம். அது போனால் மற்ற எந்தக் கடனையும் கட்ட வழி இருக்காது. அதன் பிறகு வீடு ஈட்டில் இருந்தால் அந்தக் கடன். அதன் பின்னரே ஈடில்லாத வங்கிக் கடன், கடன் அட்டை, கைமாற்று.

குழுக் கடனை மட்டும் தனியே யோசிக்க வேண்டும். நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்பார்கள். கிழமைக் காசு கட்டும் நிலையக் கூட்டத்துக்கு முந்திய நாளே குழுவிடம் போய், "இந்தக் கிழமை 1,192 முடியாது, 500 தருகிறேன்" என்று சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போகாமல் ஒளிப்பதுதான் உறவையும் கெடுக்கிறது.

ஒரு கிழமைக் கடனை அடைக்க இன்னொரு கிழமைக் கடன் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. அடுத்த கடன் முந்தியதை விடப் பெரிதாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது முந்தியதன் வட்டியையும் சுமக்கிறது.

அடகு வைத்த நகை இருந்தால் சீட்டைப் பாருங்கள். முடிவுத் திகதிக்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். இரண்டு மூன்று தடவை புதுப்பித்தும் மீட்க வழியில்லை என்றால், ஏலத்துக்கு விடாமல் நீங்களே மீட்டு விற்பதுதான் இலாபம். நம்பிக்கையான நகைக்கடைக்காரரை அழைத்துக்கொண்டு போய், அவர் மீட்புக் காசைக் கட்டி நகையை நிறுத்து மிச்சத்தைத் தருவது ஊரில் நடக்கும் வழக்கம்தான். இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். தாலிக்கொடியை ஏலத்தில் விடுவதை விட, மனம் நொந்தாலும் ஒரு சோடிக் காப்பை விற்று அதை மீட்பது நல்லது.

வங்கிக்குக் கடிதம்

மூன்று தவணை தவறிய பிறகு போவதை விட, முதல் தவணை தவறும் முன்னே போனால் கிளை முகாமையாளரிடம் அதிக வழிகள் இருக்கும். வாயால் பேசுவது போதாது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"எனது கடன் இலக்கம் இது. சிறுபோகத்தில் தண்ணீர் கிடைக்காததால் இரண்டு ஏக்கரும் பாழாகிவிட்டது. இப்போது மாத வருமானம் 62,000 ரூபா, வீட்டுச் செலவு 46,000 ரூபா, ஏனைய கடன்களுக்கு 6,000 ரூபா. ஆகவே மாதம் 10,000 ரூபா கட்ட முடியும். பெரும்போக அறுவடைக்குப் பின் ஏப்ரலில் மேலதிகமாக 60,000 ரூபா கட்டுவேன். தவணைக் காலத்தை நீடித்து, தண்டவட்டியைத் தள்ளுபடி செய்து, ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்ட அனுமதிக்குமாறு கேட்கிறேன். பதிலை எழுத்தில் தரவும்."

கமநல சேவை நிலையத்தின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பாடு, மருத்துவ அறிக்கை, சம்பளச் சிலிப் என்று எது பொருந்துகிறதோ அதை இணையுங்கள். கட்ட முடியாத தொகையை வாக்குக் கொடுக்காதீர்கள். மாதம் 10,000 என்று சொல்லிப் பத்து மாதம் கட்டுபவர், 20,000 என்று சொல்லி இரண்டாம் மாதம் தவறுபவரை விட நம்பப்படுவார். மீனவர் என்றால் கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களுக்குக் குறைந்த தவணை கேட்பதில் வெட்கம் இல்லை. வருமானம் வரும் காலத்தோடு தவணை பொருந்தாததுதான் இங்கே பாதிக் கடன் கெட்டுப்போவதற்குக் காரணம்.

வங்கி சம்மதித்தால் புதிய ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். உதாரணத்துக்கு, நிலுவை 300,000, வட்டி ஆண்டுக்கு 18 வீதம் என்று வைப்போம். 24 மாதத்தில் கட்டினால் மாதம் சுமார் 14,980. அதையே 48 மாதமாக நீட்டினால் மாதம் சுமார் 8,810. மூச்சு விட இடம் கிடைக்கும், ஆனால் மொத்த வட்டி 59,000இலிருந்து 123,000க்கு ஏறிவிடும். தெரிந்துகொண்டு ஒப்புக்கொண்டால் பிழையில்லை. கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு: நிலுவை வட்டியை முதலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுகிறார்களா, இதுவரை ஈடில்லாமல் இருந்த கடனுக்குப் புதிதாக வீட்டையோ புதிய பிணையாளியையோ கேட்கிறார்களா. இரண்டாவதைக் கேட்டால் அன்று கையெழுத்திடாதீர்கள். ஈடில்லாத கடனுக்கு வீட்டை ஈடு வைப்பது, கட்டுப்படாத கடனை வீட்டோடு கட்டிவிடுவது.

சிறு தொழில் நடத்துபவர்கள் தங்கள் வங்கியில் வணிகங்களை மீட்டெடுக்கும் அலகு பற்றிக் கேட்க வேண்டும். மத்திய வங்கியின் அறிவுறுத்தலின்படி வங்கிகளில் அமைக்கப்பட்டது அது. அரிசி ஆலை, தையற்கடை, பேக்கரி போன்றவை ஓடக்கூடிய நிலையில் இருந்தால் அங்கே தனியாகப் பரிசீலிப்பார்கள்.

கிளை பதில் தராவிட்டால் வங்கியின் தலைமையகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு, பின்னர் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம். தொலைபேசி 1935. நிதி நிறுவனங்கள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் கட்டணமின்றி முறையிடலாம். எங்கு போனாலும் முதலில் நிறுவனத்திடம் முறையிட்ட தாளைக் கேட்பார்கள், முத்திரை வாங்கிய பிரதியின் பெறுமதி அங்கேதான் தெரியும்.

வாசலில் நிற்பவரும் பொலிஸ் பயமும்

தவணை கட்ட முடியாமல் போனது சிவில் விடயம். அதற்காகப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகாது. காசு வாங்க வருபவர் இரவில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவோ, பெண்களைத் தகாத வார்த்தையால் ஏசவோ, சைக்கிளையோ தையல் மெசினையோ தூக்கிக்கொண்டு போகவோ உரிமை இல்லை. நாள், நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து இலக்கத்தை வாங்குங்கள். பெண்கள் 1938 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஆனால் காசோலை வேறு. கணக்கில் காசில்லாமல் காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடுதல் சட்டத்தின் கீழ் குற்றம், சிறைவரை போகலாம். "சும்மா பிணைக்கு ஒரு செக் தாங்க" என்று கேட்கும் வட்டிக்காரர் இதைத் தெரிந்துதான் கேட்கிறார்.

கடனுக்கு எழுதிய உறுதி

தனியார் கடனில் மூன்று தாள்கள் புழங்குகின்றன. புறோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திடும் தாள்), ஈட்டு உறுதி, அறுதி உறுதி. புறோநோட்டு என்றால் அதில் நீங்கள் உண்மையில் வாங்கிய தொகை, முன்வட்டியாகக் கழித்த தொகை, வட்டி வீதம் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும் என்பது 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் காசு கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் நிபந்தனை. ஒரு இலட்சம் என்று எழுதி 90,000 தந்திருந்தால் அதை வழக்கில் எழுப்பலாம். அநியாயமான கொடுக்கல் வாங்கலை மீள ஆராயும் அதிகாரமும் அதே சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. தனியார் வழக்குப் போட்டு அறவிடும் வட்டி, முதலை விஞ்ச முடியாது என்பதும் நம் சட்டம். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்தக் கட்டு இல்லை. வெற்றுப் புறோநோட்டில் கையெழுத்து வைத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் நிரூபிக்க முடியாத வாயுரையாகப் போய்விடும்.

ஈட்டு உறுதியில் காணி உங்களுடையதாகவே இருக்கும். கடன்காரர், அதாவது கடன் தந்தவர், வழக்குப் போட்டுத்தான் விற்க வேண்டும். அறுதி உறுதி என்றால் அன்றே காணி கை மாறிவிட்டது. "காசு தந்ததும் திருப்பி எழுதித் தாறன்" என்ற வாக்கு உறுதியில் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் நம்பிக்கைப் பொறுப்பை நிரூபிக்கப் பல வருடம் போராட வேண்டும். நொத்தாரிசிடம் போனால் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது ஈடா, அறுதியா?" வாயால் சொல்வது காணாது, தாளின் தலைப்பைப் பாருங்கள்.

நமது பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டது. கணவனின் தனிக் கடனுக்கு மனைவியின் வீட்டைக் கைவைக்க முடியாது, அவள் பிணையாகவோ ஈடாகவோ கையெழுத்திடும்வரை. அதனால்தான் வட்டிக்காரரும் நிதி நிறுவனமும் "அக்காவையும் ஒருக்கா வரச் சொல்லுங்க" என்பார்கள். அந்த ஒரு கையெழுத்து, தாய் வீட்டார் கட்டிக்கொடுத்த கூரையை இவரின் வியாபாரத்தோடு கட்டிவிடுகிறது. மகளுக்கு எழுத வைத்திருக்கும் வீடானால் இன்னும் யோசிக்க வேண்டும்.

அரசு தந்த ஒப்பப் பத்திரக் காணி, அளிப்புக் காணி வைத்திருப்பவர்கள்: பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எழுதும் கைமாற்றம் செல்லாது. வெறும் கடதாசியில் எழுதிக் கொடுத்து வயலை இழந்தவர்கள் இதைக் கொண்டு சட்ட உதவி கேட்கலாம்.

தனியார் கடன் தகராறை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோவது செலவில்லாத வழி. சட்டத்தரணிகள் அங்கே ஆஜராக முடியாது, இரு தரப்பும் நேரே பேச வேண்டும். வட்டியை நிறுத்தி முதலைத் தவணையாகக் கட்ட இணங்கினால் அதை எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தடவை காசு கொடுக்கும்போதும் பற்றுச்சீட்டு. கடைசித் தவணையோடு புறோநோட்டு மூலப்பிரதியைக் கையில் வாங்கிக் கிழியுங்கள்.

பழைய கடன் என்றால் காலாவதியையும் பாருங்கள். எழுத்துக் கடனுக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு 3 வருடம், ஈட்டு உறுதிக்கு 10 வருடம் என்று 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வரையறுக்கிறது. இடையில் நீங்கள் 500 ரூபா கட்டினாலோ, கடன் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாலோ கணக்கு அன்றிலிருந்து மீண்டும் தொடங்கும்.

லீசிங் வாகனம்

வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தால் கடன் முடிந்தது என்று நினைப்பது பெரிய பிழை. நிறுவனம் அதை விற்று, விற்ற காசு போதாவிட்டால் மீதியை உங்களிடமும் பிணையாளியிடமும் கேட்கும். கட்ட முடியாது என்று தெரிந்தால், நிறுவனத்தின் எழுத்து அனுமதியோடு நீங்களே வாங்குபவரைத் தேடிக் கொடுப்பதுதான் நல்ல விலை தரும். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் மீற்றர் வாசிப்பு, டயர், பற்றரி, சாவிகள் எல்லாவற்றையும் எழுதி, நான்கு பக்கமும் படமெடுத்து, வாங்குபவரின் கையெழுத்தோடு பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விற்ற விலைக்கான கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

அழைப்பாணை வந்துவிட்டால்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தடவை வாசியுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட கடனுக்குக் கடன் அறவிடுதல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். சாதாரண வழக்கில் அழைப்பாணை வந்து, மறுமொழி கொடுத்து, விளக்கம் நடந்து, பிறகே தீர்ப்பு. இங்கே அப்படியல்ல. முதல் தாளே நிபந்தனைத் தீர்ப்பாணையாக வரும். அதாவது, "இந்தத் திகதிக்குள் காரணம் காட்டாவிட்டால் தீர்ப்பு உங்களுக்கு எதிராக உறுதியாகும்" என்று. வழக்காட வேண்டுமானால் அந்தத் திகதியில் சத்தியக் கடதாசியோடு நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க வேண்டும். "கஷ்டமாக இருக்கிறது" என்பது காரணம் ஆகாது. கட்டிய தொகையைக் கணக்கில் சேர்க்கவில்லை, வட்டி ஒப்பந்தத்துக்கு மாறானது, கையெழுத்து என்னுடையது அல்ல என்பன காரணங்கள். கொப்பியும் பற்றுச்சீட்டும் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அனுமதி தரும்போதும் குறித்த தொகையைக் கட்டவோ பிணை வைக்கவோ நீதிமன்றம் கேட்கலாம்.

தாள் வந்த அன்றே திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு, அடுத்த நாளே சட்டத்தரணியிடம் போங்கள். வசதி இல்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை நிலையங்களில் வருமானத்தைப் பார்த்து உதவி தருவார்கள். அடையாள அட்டை, வந்த தாள், வருமானச் சான்று கொண்டு போங்கள். தவணைக்கு முதல்நாள் போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வெளிநாடு போகும் கடனாளிகளுக்கு இது இன்னும் ஆபத்து. கட்டாருக்கோ குவைத்துக்கோ போனபின் தாள் ஊர் வீட்டுக்கு வரும், அம்மா அதை அலுமாரியில் வைப்பார், தீர்ப்பு உறுதியாகிவிடும். போகும் முன் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வரும் ஒவ்வொரு தாளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தத்துவத்தில் காணி விற்கும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டாம்.

தீர்ப்பு வந்த பின்னும் எல்லாம் முடியவில்லை. நீதிமன்றத்திலேயே தவணை இணக்கம் பதியலாம். பிஸ்கல் (தீர்ப்பை நிறைவேற்ற வரும் நீதிமன்ற அலுவலர்) வந்தாலும் எல்லாவற்றையும் கைப்பற்ற முடியாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு உடுதுணி, படுக்கை, தொழிற் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடும் விதைநெல்லும் ஆகியவற்றைக் காக்கிறது. ஊழியர் சேமலாப நிதியையும் கடன்காரர் முடக்க முடியாது.

ஈடு வைத்த காணியை வங்கி வழக்கில்லாமல் ஏலம் விடும் பராட்டே முறை வேறு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் போகும் வங்கி, வட்டியும் தண்டமும் நீங்கலாக முதல் தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு இந்த வழியில் போக முடியாது. ஏல அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும். ஏல நாளுக்கு முன் நிலுவையையும் செலவையும் கட்டினால் ஏலம் நிற்கும். காணியில் ஒரு துண்டைப் பிரித்து விற்றாவது மிச்சத்தைக் காக்க நினைப்பவர்கள் அறிவித்தல் வந்தபின் யோசிக்கக் கூடாது. ஏலத்தில் காணி போவது சந்தை விலைக்கு அல்ல.

வங்குறோத்து மனு

இனி 1853ஆம் ஆண்டுச் சட்டம். கடனாளி தானே தன் பகுதி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம், கடன்காரரும் போடலாம். மனுவோடு கடன் கட்ட இயலாது என்ற பிரகடனம், சத்தியக் கடதாசி, சொத்து கடன் முழுவதற்கும் கணக்கு. நீதிமன்றம் உங்களைக் கடனிறுக்க வகையற்றவர் என்று தீர்ப்பளித்தால் அது வர்த்தமானியில் பிரசுரமாகும். சொத்துகளைப் பொறுப்பேற்க ஒருவர் நியமிக்கப்படுவார், அவை அவர் கைக்குப் போகும். பகிரங்க அமர்வுகளில் கடன்காரர்கள் தங்கள் கோரிக்கையை நிரூபிப்பார்கள், உங்களையும் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். சொத்தை விற்ற காசு விகிதப்படி பகிரப்படும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் கடைசியில் சான்றிதழ் கிடைக்கும், அதுதான் பழைய கடனிலிருந்து விடுதலை.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. மனுவுக்கு முன் காணியைத் தம்பி பெயருக்கு எழுதியது தெரிந்தால் அந்த எழுத்தும் செல்லாது, சான்றிதழும் தடைப்படும், குற்றமாகவும் மாறலாம். ஒரு கடன்காரருக்கு மட்டும் இரகசியமாகக் கட்டினாலும் அப்படியே. ஈடு வைத்த வீடு ஈட்டுக்காரருக்கே முதலில் போகும். பிணையாளிகள் விடுபட மாட்டார்கள், உங்கள் கடன் அழிந்த அன்றே கடன்காரர்கள் அவர்களின் வாசலில் நிற்பார்கள். விடுதலை பெறாதவரை பாராளுமன்றத்துக்குப் போட்டியிடவோ கம்பனிப் பணிப்பாளராக இருக்கவோ முடியாது. இதற்கான செலவையும் காலத்தையும் தாங்க வேண்டியவர் நீங்கள்தான், வெளிநாட்டில் போல வழிநடத்தும் அலுவலகம் இங்கே இல்லை.

எங்கள் தீர்மானம் இது: மூன்று கிழமைக் கடனும் ஒரு அடகுச் சீட்டும் உள்ளவருக்கு இந்த வழி மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. ஈடில்லாத பெரிய வியாபாரக் கடன்கள் பலரிடம் இருந்து, பல வழக்குகள் ஒன்றாக நடந்து, பகிர்ந்து கொடுக்க ஓரளவு சொத்தும் உள்ள ஒருவர் மட்டும், சிவில் வழக்கில் அனுபவமுள்ள சட்டத்தரணியோடு இருந்து கணக்குப் பார்க்கலாம்.

அரசாங்கம் தள்ளுபடி செய்யும் என்று காத்திருப்பதும் வழி அல்ல. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்கள் தள்ளுபடியானது உண்மை, கிழக்கும் அதில் இருந்தது. ஆனால் அந்த ஆண்டு ஜூன் 30இல் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த கடன்களுக்குத்தான் அது. அதன் பிறகு எடுத்த கடனை அந்த நம்பிக்கையில் கட்டாமல் விட்டவர்களின் வட்டி ஏறியதுதான் மிச்சம்.

பிணை வைத்தவர்களுக்கும் இறந்தவரின் வீட்டாருக்கும்

பிணைப் படிவத்தில், "முதலில் கடனாளியிடம் அறவிட வேண்டும்" என்ற உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக ஒரு வரி இருக்கும். ஆகவே வங்கி நேரே உங்களிடம் வரலாம். வந்தால் கடனாளியையும் அழைத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாவையும் அவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

கடனாளி இறந்தால் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தளவில் மட்டுமே. பிள்ளைகள் தங்கள் உழைப்பிலிருந்து கட்ட வேண்டியதில்லை. நாற்பது, முப்பத்தொன்று முடியுமுன் துக்க வீட்டில் கொண்டுவந்து நீட்டும் தாளில் கையெழுத்திடாதீர்கள். கடனோடு காப்புறுதி எடுக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள், பல கடன்களில் அதற்கான காசை ஆரம்பத்திலேயே கழித்திருப்பார்கள்.

கடன் நெருக்கத்தில் ஒருவர் நித்திரை இல்லாமல், பேசாமல், "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லம்" என்று சொல்லத் தொடங்கினால் கொப்பியை மூடிவிட்டு அவர் பக்கத்தில் இருங்கள். 1926 இலக்கத்தில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கடன்காரருக்கு அடுத்த கிழமை பதில் சொல்லிக்கொள்ளலாம்.